தட்டைப் பிரித்தோம், தம்பியைப் பரிசோதிக்கவில்லை

ஒரு காலை நேரத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, என் இடது முன்கை இஸ்திரிப்பெட்டியின் ஓரத்தில் பட்டிருக்கிறது. பட்டது எனக்குத் தெரியவில்லை. மாலையில் அம்மா அந்தக் கொப்புளத்தைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டபோதுதான் நானே அதைக் கவனித்தேன். அந்த இடத்தில் ஒன்றரை ஆண்டாக ஒரு வெளிறிய திட்டு இருந்தது. தேமல் என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருந்தேன். அது அரிக்கவில்லை, செதில் உதிரவில்லை, வலிக்கவில்லை. தொல்லை தராததால் அதை நான் பொருட்படுத்தவும் இல்லை. அரிக்காத, வலிக்காத, மாதக்கணக்கில் மறையாத திட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது அன்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தோல் மருத்துவர் செய்த சோதனை மிக எளிமையானது. ஒரு பஞ்சுத் துணுக்கை நுனி கூராகத் திரித்து, என்னைக் கண்களை மூடச் சொல்லி, தொடும் இடத்தை விரலால் சுட்டிக்காட்டச் சொன்னார். திட்டுக்கு வெளியே தொட்ட ஒவ்வொரு முறையும் சரியாகக் காட்டினேன். திட்டுக்கு உள்ளே அவர் நான்கு முறை தொட்டிருக்கிறார். நான் அவர் இன்னும் தொடவில்லை என்று நினைத்துக் காத்துக்கொண்டிருந்தேன். பிறகு முழங்கையின் உட்புறத்தில் ஓடும் நரம்பை விரலால் உருட்டிப் பார்த்து, அது தடித்திருப்பதாகச் சொன்னார். முதுகிலும் தொடையிலும் நான் ஒருபோதும் கண்டிராத திட்டுகளையும் சேர்த்து எண்ணியபோது மொத்தம் ஒன்பது இருந்தன. காது மடலில் சிறு கீறல் போட்டு எடுத்த திசு நீரிலும் கிருமிகள் இருந்தன. ஐந்து திட்டுகளுக்கு மேல் இருந்தாலோ, இத்தகைய சோதனையில் கிருமி தென்பட்டாலோ, அதைக் கிருமிகள் மிகுந்த வகை என்று கொண்டு ஓராண்டு மருந்து தருகிறார்கள். எனக்கு வந்திருப்பது தொழுநோய் என்று அவர் தயக்கமின்றிச் சொன்னார். இன்று அதற்கு நன்றியுடையவனாக இருக்கிறேன்.

மருந்து வாங்கச் சென்ற இடத்தில் இன்னொருவர், என் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்து இரக்கப்பட்டு, "பயப்படாதீர்கள், இது யாருக்கும் தொற்றாது. வீட்டில்கூடச் சொல்ல வேண்டியதில்லை," என்றார். அந்தச் சொல்லை நான் இறுகப் பற்றிக்கொண்டேன். அது அன்போடு சொல்லப்பட்டது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அது உண்மையன்று.

மூன்றாம் வாரத்தில் மாத்திரை அட்டையின் மேல் அச்சிட்டிருந்ததைப் படித்து அம்மா தாமாகவே தெரிந்துகொண்டார். அவர் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் முதல் என் தட்டும் குவளையும் தனியாக வைக்கப்பட்டன. என் துணிகள் தனியாகத் துவைக்கப்பட்டன. பத்து ஆண்டுகளாக என்னோடு ஒரே அறையில் படுத்துறங்கிய தம்பி கூடத்துக்கு மாற்றப்பட்டான். அவனிடம் எனக்குத் தோல் ஒவ்வாமை என்று மட்டும் சொன்னோம். இவ்வாறாக எங்கள் வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு பொய்கள் குடியிருந்தன. இந்த நோய் தொற்றவே தொற்றாது என்று நான் நம்பினேன். தொட்டாலே தொற்றும் என்று அம்மா நம்பினார். இரண்டு நம்பிக்கைகளுக்கும் இடையில், செய்ய வேண்டியிருந்த ஒரே காரியம், அதாவது தம்பியையும் அம்மாவையும் ஒருமுறை பரிசோதிப்பது, எவருக்கும் தோன்றாமலே போயிற்று.

பின்னாளில் இந்த நோயைப் பற்றித் தேடிப் படித்தபோது, இதே குழப்பம் மருத்துவ உலகத்துக்கே நெடுங்காலம் இருந்தது என்று அறிந்தேன். 1873இல் நார்வேயின் பெர்கன் நகரில் கெர்ஹார்ட் ஆர்மவர் ஹான்சன் நோயாளிகளின் திசுக்களில் கோல் வடிவக் கிருமியைக் கண்டார். ஒரு கிருமி மனிதருக்கு ஒரு நாட்பட்ட நோயை உண்டாக்குகிறது என்று சொன்ன முதற்சிலருள் அவரும் ஒருவர். அதே நகரில் அவருக்கு மூத்தவரும் பின்னர் அவருடைய மாமனாருமான டேனியல்சன், இது பரம்பரை நோய் என்று உறுதியாக நம்பியவர். நோயாளிகளிடமிருந்து எடுத்த திசுவைத் தம் உடலிலேயே செலுத்திப் பார்த்தும் அவருக்கு நோய் வரவில்லை. அதைக் கண்டு, இது தொற்றாது என்ற முடிவு அன்றைக்கு இயல்பாகவே பட்டிருக்கும். மனிதர்களில் சுமார் 95 விழுக்காட்டினருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையாகவே உண்டு என்பது இன்று நமக்குத் தெரியும். கிருமி உடலில் நுழைந்தாலும் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. தொற்றும் நோய் என்பதும், எளிதில் தொற்றாத நோய் என்பதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை ஏற்பதற்கு எனக்கே பல மாதங்கள் ஆயின.

இந்த வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியை என்னால் கடந்து செல்ல இயலவில்லை. தம் கருத்தை நிறுவ விரும்பிய ஹான்சன், ஒரு நோயாளிப் பெண்ணின் கண்ணில், அவருடைய ஒப்புதலைப் பெறாமலே, இன்னொருவரின் நோய்த் திசுவைச் செலுத்தினார். அதற்காக 1880இல் நீதிமன்றம் அவரை மருத்துவமனைப் பணியிலிருந்து நீக்கியது. கண்டுபிடிப்பின் பெருமையைப் பேசும்போதெல்லாம் அந்தப் பெண்ணையும் நினைக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். எங்களைச் சான்றுப் பொருள்களாகக் கண்ட காலம் ஒன்று இருந்தது.

கிருமியின் இயல்பை அறிந்தபோது என் வீட்டில் நடந்த பலவும் விளங்கின. பெரும்பாலான கிருமிகள் சில நிமிடங்களிலோ மணிகளிலோ இரட்டிக்கின்றன. மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்னும் இந்தக் கிருமி ஒன்று இரண்டாகப் பிரிவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகின்றன. சோதனைக்கூடத்தின் செயற்கை ஊட்டத்தில் இதை வளர்க்க இன்றுவரை இயலவில்லை. 1960இல் எலியின் பாதத்திலும், 1971இல் ஆர்மடில்லோ என்னும் ஓடு போர்த்த விலங்கின் உடலிலும் வளர்த்துக் காட்டிய பிறகே ஆராய்ச்சி வேகம் பெற்றது. சற்றே குளிர்ந்த இடங்களை இந்தக் கிருமி விரும்புகிறது. ஆர்மடில்லோவின் உடல் வெப்பம் நம்முடையதைவிடக் குறைவு. மனித உடலிலும் காது மடல், மூக்கு, தோல், தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகள் ஆகியவையே அதிகம் பாதிக்கப்படுவதற்கு இது ஒரு காரணம்.

இவ்வளவு மெதுவாகப் பெருகுவதால், கிருமி நுழைவதற்கும் முதல் திட்டு தோன்றுவதற்கும் இடையில் சராசரியாக ஐந்து ஆண்டுகள் கழிகின்றன. 20 ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆவது உண்டு. நோய் உறுதியான பிறகு எங்கள் வீட்டில், யாரிடமிருந்து வந்திருக்கும் என்ற பேச்சு வாரக்கணக்கில் நடந்தது. விரல்கள் மடங்கியிருந்த ஒரு முதிய உறவினர் மீது பழி விழுந்தது. அவரை வீட்டுக்கு அழைப்பதே நின்றுபோயிற்று. அவருக்கு இருந்தது மூட்டு வாதம் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். எந்த ஆண்டில், எந்த அறையில், எவருடைய மூச்சிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாத நோய் இது. அந்தக் கேள்வியில் செலவழித்த வாரங்களை, என்னிடமிருந்து யாருக்குச் சென்றிருக்கலாம் என்ற கேள்வியில் செலவழித்திருக்க வேண்டும்.

ஏனெனில் அதற்கு விடை காண முடியும். மருந்து உட்கொள்ளாத நோயாளியின் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் வரும் நுண்துளிகள் வழியாக, நெருங்கிப் பழகுபவர்களுக்கு, மாதக்கணக்கான தொடர்பில் இந்த நோய் பரவுகிறது. கை குலுக்குவதாலோ, அணைத்துக்கொள்வதாலோ, பக்கத்தில் அமர்வதாலோ, சேர்ந்து உண்பதாலோ பரவுவதில்லை. கருவிலிருக்கும் குழந்தைக்குத் தாயிடமிருந்து செல்வதில்லை. ஹவாயின் மொலோக்காய் தீவில் நோயாளிகளுக்குப் பணி செய்யச் சென்ற பாதிரியார் டேமியன் இந்த நோயால் 1889இல் இறந்ததைப் பலர் சான்றாகக் காட்டி அஞ்சுகிறார்கள். ஹான்சன் கிருமியைக் கண்ட அதே 1873இல் அங்கு சென்ற டேமியன், மருந்தே இல்லாத காலத்தில், கடுமையாக நோயுற்றவர்களுக்கு நடுவே இரவும் பகலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார். அவ்வாறே உறவினர்களுக்குத் துணையாக அங்குத் தங்கியிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்தைத் தொடங்கிய சில நாள்களிலேயே நோயாளி பிறருக்கு நோயைத் தர இயலாதவராகிவிடுகிறார். அம்மா என் தட்டைப் பிரித்து வைத்தது நான் மருந்து தொடங்கிய மூன்றாம் வாரத்தில். அந்த நாளில் என்னால் எவருக்கும் ஆபத்து இல்லை. ஆபத்து இருந்தது அதற்கு முந்தைய ஆண்டுகளில், எனக்கே நோய் தெரியாதிருந்தபோது, கதவடைத்த அறையில் நானும் தம்பியும் அடுத்தடுத்துப் படுத்திருந்த இரவுகளில். பிரித்து வைப்பதால் அந்த இரவுகளைத் திருப்பி எடுக்க முடியாது. பரிசோதிப்பதால் மட்டும்தான் அவற்றுக்கு ஏதேனும் செய்ய முடியும்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1940களிலிருந்து டாப்சோன் என்னும் மருந்து மட்டும் தனியாகத் தரப்பட்டு, 1960களில் அதற்குக் கிருமிகள் எதிர்ப்பாற்றல் பெற்றதால், 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. 1995 முதல் உலகெங்கும் அது நோயாளிகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை, பணியாளரின் முன்னிலையில், 600 மில்லிகிராம் ரிஃபாம்பிசினையும் 300 மில்லிகிராம் குளோஃபசிமினையும் விழுங்கினேன். நாள்தோறும் வீட்டில் 100 மில்லிகிராம் டாப்சோனும் 50 மில்லிகிராம் குளோஃபசிமினும் உட்கொண்டேன். ரிஃபாம்பிசின் உட்கொண்ட நாளில் சிறுநீர் செம்மஞ்சளாக வரும். அது இரத்தம் அன்று. குளோஃபசிமினால் என் முகம் கருத்துப் போயிற்று, மருந்து முடிந்து ஓராண்டுக்குள் அது பெரும்பாலும் மறைந்தது. டாப்சோன் தொடங்கிய முதல் வாரங்களில் காய்ச்சலும் உடலெங்கும் தடிப்பும் சேர்ந்து வந்தால், அடுத்த வேளை மருந்தை விழுங்காமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இதை யாரும் முன்கூட்டியே சொல்லாவிட்டால், நோயாளிகள் இவற்றில் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்று தெரியாமல் மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள்.

நானும் விட்டேன், வேறொரு காரணத்தால். ஐந்தாம் மாதத்தில் மங்கிக்கொண்டிருந்த திட்டுகள் திடீரெனச் சிவந்து வீங்கின. முழங்கையிலிருந்து சுண்டுவிரல் வரை இரவெல்லாம் நரம்பு இழுத்து வலித்தது. மருந்து பலிக்கவில்லை, அல்லது மருந்தே நஞ்சாகிவிட்டது என்று முடிவு செய்து, யாரையும் கேட்காமல் 11 நாள்கள் மாத்திரையை நிறுத்தினேன். பன்னிரண்டாம் நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முயன்றபோது சுண்டுவிரலும் மோதிரவிரலும் நிமிர மறுத்தன.

அது எதிர்வினை எனப்படும். கிருமிகளை, இறந்த கிருமிகளின் எச்சங்களையும்கூட, நம் உடலின் எதிர்ப்பாற்றல் திடீரென்று தாக்கத் தொடங்கும்போது, கிருமி குடியிருந்த நரம்பும் அந்தப் போரில் வீங்கி நசுங்குகிறது. இது மருந்தின் தோல்வி அன்று. நோய் திரும்பி வந்ததும் அன்று. மருந்துக்கு முன்போ, மருந்துக் காலத்திலோ, மருந்து முடிந்த பின்போ வரலாம். இந்த நோயில் ஊனம் ஏற்படுவது பெரும்பாலும் இத்தகைய நாள்களில்தான். கூட்டு மருந்தை நிறுத்தாமல், அதனுடன் வீக்கத்தைத் தணிக்கும் பிரட்னிசலோன் என்னும் மருந்தைத் தொடங்கி, பல மாதங்களுக்கு மெல்ல மெல்ல அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. நரம்பு பாதிக்கப்பட்டு ஆறு மாதங்களுக்குள் இந்தச் சிகிச்சை தொடங்கினால் மீண்டுவர நல்ல வாய்ப்பு உண்டு. எனக்கு விரல்களின் வலிமை ஏறக்குறைய முழுவதும் திரும்பியது. சுண்டுவிரலின் வெளிப்புறத்தில் உணர்ச்சி இன்றுவரை திரும்பவில்லை. அந்த 11 நாள்களை நான் வீணாக்காதிருந்தால் அதுவும் திரும்பியிருக்குமா என்று என்னால் சொல்ல இயலாது. ஆகவே, சிகிச்சையில் இருப்பவர்களைக் காணும்போதெல்லாம் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: திட்டு சிவந்தாலோ, நரம்பு வலித்தாலோ, கையிலோ காலிலோ புதிதாக வலுவிழப்பு தெரிந்தாலோ, கண் முழுதாக மூடாமல் நின்றாலோ, அன்றே செல்லுங்கள், அடுத்த மாத்திரை வாங்கும் நாள் வரை காத்திருக்காதீர்கள்.

உணர்ச்சி இல்லாத ஒரு விரலோடு வாழ்வது, நோய் விரல்களைத் தின்றுவிடும் என்ற பழைய பேச்சு எவ்வளவு தவறு என்பதை எனக்குக் கற்றுத்தந்தது. கிருமி விரலை உதிர்ப்பதில்லை. வலி என்னும் காவல் போனபின், சுட்ட இடமும் வெட்டிய இடமும் அழுத்திய இடமும் கவனிக்கப்படாமல் புண்ணாகி, எலும்பு வரை சீழ் பிடித்து, சிறிது சிறிதாகத் திசு அழிகிறது. வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் இதைத்தான் எடுத்துக்காட்டி, மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தியும் காட்டினார். நான் இரவு படுக்கும் முன் இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் வைத்து, உள்ளங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று வரிசையாகப் பார்க்கிறேன். சூடான எதையும் இடது கையால் நேரடியாகத் தொடுவதில்லை. கருவிகளின் பிடியில் தடித்த துணி சுற்றியிருக்கிறேன். பாதத்தில் உணர்ச்சி போனவர்கள் நாள்தோறும் பாதங்களை நீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து அகற்றி, எண்ணெய் தடவி, உள்ளே மெத்தென்ற காலணி அணிய வேண்டும்; அணியும் முன் அதனுள் கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று கையால் தடவியும் கண்ணால் பார்த்தும் கொள்ள வேண்டும்.

மருந்து முடிந்து எட்டு மாதங்கள் கழித்து, நரம்புகளைச் சரிபார்க்கச் சென்றிருந்தபோது, அங்கிருந்த ஒரு செவிலியர் என் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டில் உள்ளவர்களைப் பார்த்ததாக எழுதவே இல்லையே. உங்கள் தம்பியின் முதுகை யாராவது பார்த்திருக்கிறார்களா?" என்று கேட்டார். நான், இது தொற்றாது என்று சொன்னார்கள் என்றேன். அவர் சினம் கொள்ளவில்லை. நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் மேலே எழுதியவற்றில் பாதியை எனக்கு விளக்கினார்.

அன்று இரவு தம்பியிடம் நோயின் பெயரை முதன்முறையாகச் சொன்னேன். மறுநாள் அவனை அழைத்துச் சென்றபோது, வலது தோள்பட்டைக்குப் பின்னால், அவன் கண்ணாடியில்கூடப் பார்க்க முடியாத இடத்தில், ஒரே ஒரு திட்டு இருந்தது. பஞ்சு பட்டது அவனுக்குத் தெரியவில்லை. நரம்புகள் நன்றாகவே இருந்தன. ஆறு மாத மருந்து போதும் என்றார்கள். திரும்பி வரும் வழியில் நெடுநேரம் பேசாமல் வந்தவன், "அண்ணா, அப்போதே சொல்லியிருந்தால் நான் சட்டையைக் கழற்றிக் காட்டியிருப்பேனே," என்றான். என்னைக் கூடத்துக்கு அனுப்பினீர்களே என்று அவன் கேட்கவில்லை. அதற்கும் நான் விடை ஆயத்தமாக வைத்திருந்தேன்; தேவைப்படவில்லை.

முதலிலேயே அவனைப் பரிசோதித்திருந்தால் அந்தத் திட்டு அன்றைக்கே இருந்திருக்குமோ இல்லையோ, நான் அறியேன். இல்லாதிருந்தால் அவனுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் தந்திருப்பார்கள். நோயாளியோடு நெருங்கி வாழ்ந்தவர்களுக்கு, நோய் இல்லை என்று உறுதி செய்தபின் இவ்வாறு தருவதை 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அது முழுக் காப்பு அன்று. அடுத்த இரண்டு ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பைப் பாதிக்கு மேலாகக் குறைக்கிறது. காசநோய்த் தடுப்புக்காகப் பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. ஊசியும் ஓரளவு காக்கிறது. ஆனால் இவற்றில் எதைப் பெறுவதற்கும், முதலில் நோயாளி தன் வீட்டாரிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொல்வதை இயலாததாக்கிய பொறுப்பு நோயாளியுடையது மட்டும் அன்று. கூட்டு மருந்து வந்து 15 ஆண்டுகள் ஆன பிறகும், 1996 வரை, ஜப்பானில் நோயாளிகளைத் தனிமைப்படுத்தும் சட்டம் நடப்பில் இருந்தது. 2010இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் பாகுபடுத்தக் கூடாது என்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. குஷ்டம் என்ற சொல்லை வசையாகக் கேட்டு வளர்ந்த ஒருவன், அந்தச் சொல் தனக்கே உரியதாகும் நாளில் வாயைத் திறப்பது எளிதன்று. ஆகையால் அந்த வசையைப் பேச்சிலிருந்து விலக்குவதும் நோய்த்தடுப்பின் ஒரு பகுதியே என்று கருதுகிறேன்.

அம்மாவுக்கும் பரிசோதனை நடந்தது, எதுவும் இல்லை. அவருக்கு ஒரு வேளை மருந்து தந்தார்கள். இந்த நோய் மெதுவாக வெளிப்படுவதால், ஐந்து ஆண்டுகளாவது ஆண்டுக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒவ்வோர் ஆண்டும் அம்மா கண்களை மூடிக்கொண்டு, பஞ்சு படும் ஒவ்வோர் இடத்தையும் விரலால் சுட்டிக்காட்டி, ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணுகிறார். தம்பியும் நானும் பக்கத்தில் நின்று பார்க்கிறோம். நான்கு முறை முடிந்திருக்கிறது. இன்னும் ஒருமுறை பாக்கியுள்ளது.